மாமியாருக்கு ஜன்னலோர இருக்கை

மாமியாரை முதல் வரிசையில், ஜன்னலோரமாக உட்கார வைக்கிறார் சம்பந்தி. இடுப்பைச் சுற்றி பெல்ட்டைப் போட்டு, கொக்கியை மாட்டி, போதாததற்குக் கயிற்றால் ஒரு கட்டும் போட்டு, வயிற்றில் ஒரு தட்டுத் தட்டுகிறார். "அசையாம வாங்க அத்தை." பக்கத்தில் மாமனார். பின் வரிசையில் பெரிய மச்சான், சின்ன மச்சான். கடைசியில், வாலை ஒட்டி, கொழுந்தியாள். அத்தனை பேரும் மணல் மூட்டைகள்.

எங்கள் கம்பெனி ஒரு சின்ன விமானம் செய்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் பயணிகள், கொஞ்சம் சரக்கு என்று ஏற்றிப் போக வேண்டிய விமானம்; இன்னும் சோதனை முடியவில்லை. சோதனையில் பறக்கும்போது உயிருள்ள பயணியை ஏற்றக் கூடாது. ஆனால் பாரம் வேண்டும். அதனால் ஆளுக்குப் பதில் மூட்டை. அவற்றை எடை போட்டு, ஏற்றி, கட்டி, இறக்குவது இவர் வேலை. விமானம் நிறுத்தும் ஹேங்கரில் எல்லோருக்கும் இவர் 'சம்பந்தி'. நான் ஓடுதளத்தின் ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துச் சொல்கிறவன். காற்று ஓய்ந்த நேரமெல்லாம் இவரை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

சம்பந்திக்கு வீட்டில் பேச்சு கிடையாது. மாமியார் கூடத்தில் இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வருகிற மனிதர். சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இங்கே வந்து அவிழ்த்து விடுவார். தராசில் மூட்டையை ஏற்றிவிட்டு, "சின்ன மச்சான் இளைச்சுட்டான், யாரு கண்ணு பட்டுச்சோ" என்று இரண்டு கை மணலை அள்ளிப் போடுவார். பெரிய மச்சான் பிரிந்து கொட்டினால், "இவன் வாய் எப்பவுமே இப்படித்தான்" என்று கோணி ஊசியால் தைத்துவிடுவார்.

அந்தக் கயிறு விஷயத்தில்தான் தலைமைப் பொறியாளர் அம்மாவுக்கும் இவருக்கும் ஓயாத தகராறு. "கொக்கி போதும்னு எத்தனை தடவை சொல்றது? இறக்கறதுக்குள்ள பொழுது போயிடுது" என்பார் அந்த அம்மா. சம்பந்தி குழைந்துகொண்டே, "மேடம், இவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் அசந்தா முன்னாடி வந்து உக்காந்துப்பாங்க" என்பார். கேலியாகச் சொன்னாலும் விஷயம் கேலியல்ல. இறங்கும் வேகத்தில் மூட்டை முன்னால் சரிந்தால் விமானத்தின் மூக்கு கனத்துவிடும். அப்புறம் பைலட் பாடு திண்டாட்டம்தான்.

போன மழைக்கு முன்னால் ஒரு காலை. விமானம் நன்றாகத்தான் இறங்கி வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் தொபீரென்று ஒரு சத்தம். வலது பக்கச் சக்கரத்தின் கால் மடங்கிற்று. இறக்கை தரையில் உரச, அது ஓடுதளத்தை விட்டு விலகி, அரை வட்டம் அடித்து, புல்லில் சாய்ந்து நின்றது. எஞ்சினிலிருந்து புகை. பைலட்டும் துணை பைலட்டும் தட்டுத் தடுமாறி வெளியே வந்துவிட்டார்கள். பைலட்டின் வலது கை தொங்கிற்று.

தீயணைப்பு வண்டியில் வந்தவர் வேலைக்குப் புதிது. எதிரே ஓடி வந்த சம்பந்தியைப் பிடித்து உலுக்கி, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். சம்பந்திக்கு ரத்தம் சுண்டிப் போயிருந்தது. பழக்க தோஷம் வாயில் வந்தது.

"மாமியார், மாமனார், மச்சான் ரெண்டு பேரும்... எல்லாரும் உள்ளதாங்க!"

அவ்வளவுதான். மனிதர் முகமூடியை மாட்டிக்கொண்டு, கண் தெரியாத புகைக்குள் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாமியாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, புல்லில் பதமாகக் கிடத்தி, திரும்பியும் பார்க்காமல் மாமனாருக்காக ஓடினார். கொழுந்தியாளும் கரை சேர்ந்த பிறகுதான், முதலுதவி செய்யலாம் என்று குனிந்தவர் கையில் மணல் ஒட்டியது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் யாரென்றே தெரியாத ஐந்து பேருக்காகப் புகைக்குள் போன மனிதர் அவர்.

சிரிப்பு சாயங்காலத்துக்குள் அடங்கியது. மூட்டை நகர்ந்துதான் விபத்து ஆகியிருக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பி கேன்டீன் வரை வந்துவிட்டது. மூட்டைகளோ புல்லில் கிடக்கின்றன. விமானத்தை விசாரணைக்காகப் பூட்டி வைத்துவிட்டார்கள். இறங்கும்போது கட்டு இருந்ததா, அவிழ்ந்ததா, யார் கண்டது? சம்பந்திக்குச் சோறு இறங்கவில்லை. "வேலை போனா போகட்டும் சார். அந்தப் பைலட் தம்பி கைய நான் ஒடச்சேனா இல்லையான்னு மட்டும் தெரியணும்" என்றார். அன்று முதல் ஒரு மூட்டையையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நடந்த கதை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நிஜ மாமியார் அவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, என்னை எந்த வரிசையில வச்சிருந்தீங்க?"

"முதல் வரிசைதான் அத்தை."

"ஜன்னல் பக்கமா?"

"...நடைபாதைப் பக்கம்."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டாராம்.

விசாரணையன்று தீயணைப்புக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊரே கேலி செய்து நொந்து போயிருந்த மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கொக்கியக் கழட்டிட்டேன் சார். ஆனா ஆளு வரல. மேல கயிறு. முடிச்சு அவிழவே இல்ல. கடைசியில கத்தியப் போட்டு அறுத்தேன். ஒவ்வொருத்தருக்கும் அப்படித்தான்."

பொறியாளர் அம்மா எழுந்தே விட்டார். எல்லோருமாக விமானத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு இருக்கையிலும் கத்தியால் அறுத்த கயிறு, முடிச்சு அவிழாமல், அப்படியே கிடந்தது. ஒரு மூட்டையும் நகரவில்லை. பிற்பாடு, சக்கரத்தின் காலில் பற்றவைத்த இடம் விட்டுப்போனதுதான் காரணம் என்று தெரிந்தது. சம்பந்தி அறுபட்ட கயிறு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் விசித்து அழுதார். தீயணைப்புக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மாமியார்தான் சார் ரொம்ப கனம்" என்றார்.

விமானத்தைச் சரி செய்துவிட்டார்கள். இன்று மறுபடி பறக்கப் போகிறது. பொறியாளர் அம்மாவே புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். மாமியார் ஜன்னலோரம் மாறியாயிற்று. கொழுந்தியாள் வரை கட்டி முடித்த சம்பந்தி, வழக்கம்போல் இறங்கிப் போகவில்லை. மிச்சக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் நடந்தார். கை எலும்பு கூடிய பைலட் இருக்கையில் இருந்தார். கயிற்றைப் பார்த்தார், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.

சம்பந்தி கயிற்றைத் தொடவில்லை. பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு பைலட்டின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.