இந்த இரண்டில் அமுதா அக்காவின் இன்ஜின் எது?

அன்று காலை அமுதா அக்காவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தேன். வில்லியனூரில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பானெட் திறந்து நின்ற பழைய கார். எந்தத் தலைமுறை இன்ஜின் என்று கேட்டிருந்தேன். காய்ச்சல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது தெரியும். ஆனால் டிரிப்ஸ் ஏறுகிற கையோடும் நம்மைத் திட்டிப் பதில் போடுகிறவர் அவர். மத்தியானம் அவர் எண்ணிலிருந்து பதில் வந்தது. சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். “தம்பி, நான் அமுதாவோட தம்பி முரளி. அக்கா தவறிட்டாங்கபா.” அதற்குக் கீழே நான், “அக்கா, விளையாடாதீங்க” என்று எழுதினேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பழைய கார் இன்ஜின்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததில்லை. திருக்கனூர் கடைத்தெருவில், அப்பா விட்டுப்போன ஹார்டுவேர் கடையை நடத்தினார். அவருடைய குரல் பதிவு எதை எடுத்தாலும் பின்னால் யாராவது அரை இன்ச் பைப் எல்போ கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் நம்மை ஏசிக்கொண்டே அவர்களுக்கு எல்போவை எடுத்துக் கொடுப்பது கேட்கும்.

இதைப் படிக்கப்போகும் அவருடைய உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஸ்டீம் காரிலும், அதற்கு முன் அதே உருவத்தில் வந்த காரிலும் இருந்தது ஒரே ஜப்பான் இன்ஜின் குடும்பம். மூத்தது ஆயிரம் சிசி. நடுவிலது ஆயிரத்து முந்நூறு, எட்டு வால்வு, கார்புரேட்டர். இளையதும் ஆயிரத்து முந்நூறுதான், ஆனால் பதினாறு வால்வு, கம்ப்யூட்டர் வைத்தது. இளையதைச் சுலபமாகப் பிரித்துவிடலாம். அதில் ஸ்பார்க் பிளக் மேல்மூடியின் நடுவே குழிக்குள் இறங்கியிருக்கும். மற்ற இரண்டிலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மூத்ததையும் நடுவிலதையும் பிரிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். அக்காவின் எஸ்டீமில் இருந்தது நடுவிலது. ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று கேட்டால், “மூத்ததுக்கு இழுவை இல்ல. கடைசிக்கு கம்ப்யூட்டர் சொன்னாதான் கை கால் அசையும். நடுவுல பொறந்ததுதான்டா வூட்டத் தாங்கும்” என்பார்.

பாகூர் சதீஷ் ஒரு இன்ஜின் வாங்கி, ஆயிரத்து முந்நூறு கிடைத்துவிட்டது என்று படம் போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் எல்லோரும் தீ எமோஜியாகப் பறக்கவிட்டோம். அக்கா மட்டும் பிளாக்கின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் கேட்டார். வார்க்கும்போதே பதிந்த ஆயிரம் சிசியின் எழுத்து அந்த வார்ப்பில் இருந்தது. மேலே கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மட்டும் நடுவிலதினுடையவை. “தம்பி சட்டைய மாட்டிக்கினு வந்த அண்ணன்டா இது” என்றார். சதீஷ் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனான். அக்காதான் அவனுக்குப் போன் செய்து திரும்ப அழைத்து வந்தார். அப்போது சொன்னதை அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்: “கழட்டி மாட்டுறத நம்பாத. வார்ப்புல இருக்கிறத மட்டும் நம்பு.”

என் இன்ஜின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். பண்டசோழநல்லூரில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தேன். வார்ப்பு எழுத்து இருந்த இடத்தை யாரோ தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எத்தனை படம் அனுப்பியும் அக்கா தெரியவில்லை என்றே சொன்னார். குழுவில் அவரைக் கிண்டல் செய்தார்கள். அடுத்த ஞாயிறு பஸ் மாறி மாறி வந்து எங்கள் வாசலில் நின்றார். சாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்து, விரலால் தடவி, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இப்பவும் தெரியலடா” என்றார். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். “பின்ன? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். வாயில வந்தத சொல்லிட்டு நான் போயிடுவேன். நீ அந்த அளவுக்கு பிஸ்டன் வாங்கிக்கினு நிப்பே” என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அவருடைய இன்ஜினை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஆயுத பூஜை அன்று. முடிக்காத வேலையைக் காட்ட மாட்டேன் என்று குழுவில் ஒரு படம்கூடப் போடாதவர் அவர். அன்று பானெட் திறந்திருந்தது. ஆயில் மூடிக்குப் பக்கத்தில் தட்டையாக இருந்த இடத்தில் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். அதை மட்டும்தான் நான் கவனித்தேன். வேறு எதையாவது கவனித்திருக்கலாம்.

கருமாதி முடிந்ததும் முரளி அண்ணன் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் அது நிற்பதைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்றார். அக்காவின் அம்மாதான் பிறகு எனக்குப் போன் செய்தார். “தெனம் காலைல அது சத்தம் போடும், நான் திட்டிக்கினே இருப்பேன். இப்ப வூடே இன்னாமோ மாரி கீது. அந்த இன்ஜினயாவது எடுத்தாந்து குடு கண்ணு.”

சதீஷின் சின்ன டெம்போவில் வில்லியனூரில் இருக்கும் அந்தப் பழைய இரும்புக் கடைக்கு ஓடினோம். காரை உடைத்து முடித்திருந்தார்கள். கழற்றிய இன்ஜின்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. உருக்குவதற்கு ஏற்றிப்போக லாரி தயாராக நின்றது. முந்தின நாளே ஒரு லோடு போய்விட்டது என்றார் கடைக்காரர். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வாங்கிக்கொண்டு தரையில் படுத்துத் தேய்த்தேன். “இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாரி மூஞ்சி மூஞ்சியா பாக்குற?” என்று கடைக்காரர் சிரித்தார்.

பிளக் நடுவில் இருந்தவற்றைத் தள்ளினேன். வார்ப்பில் ஆயிரம் என்று இருந்தவற்றைத் தள்ளினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. இன்ஜின் எண்ணைப் பார்க்கலாமே என்பீர்கள். அக்கா அதை வேறொரு காரிலிருந்து எடுத்து மாட்டியிருந்தார், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய இன்ஜினின் எண். முரளி அண்ணனைக் கூப்பிட்டு அக்காவின் போனில் படம் தேடச் சொன்னேன். அதில் இருந்ததெல்லாம் நம் இன்ஜின்கள். சதீஷுடையது, என்னுடையது, உங்களுடையது. அவருடையது ஒன்றுகூட இல்லை.

பொட்டு இருக்கிறதே என்று ஆயில் மூடிப் பக்கம் துடைத்தேன். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமக் கறை. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். இன்னொன்றையும் துடைத்தேன். அதிலும் இருந்தது. தள்ளிவிட்டவற்றைத் திருப்பிப் பார்த்தால் அவற்றிலும் இருந்தது. நம் ஊர்ப் பக்கம் யாருடைய காரிலும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கத் தோதான இடம் அது ஒன்றுதான். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

லாரிக்காரன் அவசரப்படுகிறான், எது என்று சொல் என்றார் கடைக்காரர். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சதீஷ்தான் இரண்டையும் டெம்போவில் ஏற்றினான்.

எதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவது? இரண்டையும் எங்கள் கொட்டகையில் இறக்கினோம். விஷயம் தெரிந்து அக்காவின் அம்மாவே முரளி அண்ணனோடு வந்துவிட்டார். உள்ளே வருவதற்குள் சதீஷ் என் காதில், “ஒண்ணக் காட்டி இதான்னு சொல்லிட்றா. அவங்க மனசு ஆறிடும்” என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா வந்து நின்றது, அன்று அக்கா டார்ச்சோடு உட்கார்ந்த அதே இடம்.

“எது கண்ணு அவளுது?”

“தெரியலமா. ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். ரெண்டுமே இல்லாமயும் இருக்கலாம்.”

ஒன்றின் மேல் கை வைத்தார். பிறகு மற்றதன் மேல் வைத்தார். “அவ இருந்தா சொல்லியிருப்பா இல்ல?” என்றார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “இங்கயே கெடக்கட்டும். தெரிஞ்சப்புறம் கொண்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு முறை போன் செய்துவிட்டார். எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்கிறார், வைத்துவிடுகிறார்.

அக்காவைத் தெரிந்தவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். அந்த எஸ்டீமின் பானெட் திறந்திருந்தபோது உங்களில் யாராவது பக்கத்தில் நின்றிருக்கலாம். ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு கீறல், மாற்றிப் போட்ட ஒரு போல்ட், எது நினைவிருந்தாலும் பண்டசோழநல்லூருக்கு வந்து பாருங்கள். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு எதையாவது சொல்லிவிடாதீர்கள். தெரியவில்லை என்றால் மோர் குடித்துவிட்டுப் போங்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இதைத் தவிர வேறு எதையாவது எனக்கு விட்டுப் போயிருக்கக் கூடாதா அக்கா என்றுதான் நினைத்தேன்.