எட்வேட் படிக்காத வசனம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எட்வேட்டின் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பான். திருநாள் வந்தால் புனிதரின் சுருவம் எந்தத் தெருவால் பவனி வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவன்தான். நான் முஸ்லிம், கோவிலுக்குள் போகிறவன் அல்ல. ஆனாலும் என் இரும்புச் சாமான் கடையில் நின்றபடியே எத்தனையோ திருநாள்களை அவன் வாயால் கேட்டிருக்கிறேன். நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொல்லுவான். அவன் சொன்னால் உண்மை என்றே படும். அதுதான் பின்னால் வினையாகப் போனது.

ஓய்வுபெற்ற பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தமிழ்க்குரல் கொடுக்கும் வேலை. ‘மறைவாசல்’ என்று வாரம் ஒரு நிகழ்ச்சி. பிரமிட்டை உண்மையில் கட்டியது யார், கடலுக்கடியில் கிடக்கும் நகரம் எது, ஆதிகாலத்தில் மலை உச்சியில் விமானம் இறங்கியதா, இவைதான் சங்கதி. பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கல்லைக் காட்டுவார்கள், பின்னால் பயமுறுத்தும் இசை போடுவார்கள், தாடிக்காரர் ஒருவர் வந்து கண்ணை உருட்டுவார். நிகழ்ச்சி முடியும்போது கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

“இத எப்படி மச்சான் வெக்கமில்லாமப் படிக்கிற?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“நான் எங்க சொல்றன்? கேக்கிறன்” என்றான் எட்வேட். “வேற்றுக்கிரகத்து ஆக்கள் கல்லத் தூக்கினார்கள் எண்டா அது பொய். தூக்கினார்களோ எண்டு இழுத்து விட்டா பொய்யில்ல. கடைசியில ஒரு ‘ஓ’ சேர்த்தாப் போதும், ஒருத்தனும் பிடிக்க ஏலாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன்.

எட்வேட் கலியாணம் முடிக்கவில்லை. கணவனை இழந்த தங்கை செலீனோடு, என் கடைக்கு ஒட்டிய வீட்டில் இருந்தான். செலீனின் மகன் ரெனால்ட் இரண்டாயிரத்து எட்டில் ஒரு காலை வேலைக்கென்று புறக்கோட்டைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் எங்கள் பகுதியில் அப்படித் திரும்பி வராத பையன்கள் வேறும் இருந்தார்கள். செலீன் போகாத இடமில்லை, அவன் படத்தைக் காட்டாத ஆளில்லை. பிறகு போவதை விட்டுவிட்டாள். ஆனால் அந்த வீட்டை மட்டும் விடவில்லை. பின்சுவர் வெளிப்பக்கம் சரிந்துவிட்டது, மழைக்குக் குசினிக் கூரையில் பாதி இறங்கிவிட்டது. மாநகர சபை ஆட்கள் வந்து இதற்குள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செலீனின் மகள் றஷ்மி வெள்ளவத்தையில் இருவருக்கும் அறை ஒதுக்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கூப்பிட்டாள். அவன் வந்தால் எந்த வாசலுக்கு வருவான் என்பாள் செலீன்.

எட்வேட்டின் தொண்டையில் கட்டி வந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மிஞ்சியது சீமெந்துத் தரையில் விளக்குமாறு இழுபடுவதுபோல் ஒரு சத்தம். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களில்தான் செலீனின் மனம் இளகியது. ரெனால்டுக்காக, இறந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்துவிட்டு வெள்ளவத்தைக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். அன்று றஷ்மி என் கடை வாசலில் நின்று அழுதாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

பூசைக்கு முதல் வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீவி ஓடிக்கொண்டிருந்தது. ‘மறைவாசல்’ தொடங்கியது. எட்வேட்டின் பழைய குரல் வந்தது.

“பழைய எபிசோட் போடுறாங்க” என்றான் எட்வேட்.

ஆனால் கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. எங்கேயோ ஒரு பாலைவனத்தில் ஒரு நகரம், ஒரே நாளில் அதன் சனங்கள் எல்லோரும் மறைந்துபோனார்களாம். அந்தக் கதையைத் தான் படித்ததே இல்லை என்று கையை ஆட்டினான். நான் அவன் வாயைப் பார்த்தேன், மூடியிருந்தது. முன்னால் பெட்டிக்குள்ளிருந்து அதே வாயின் குரல், மூச்சு வாங்கும் இடம்கூட மாறாமல், பேசிக்கொண்டே போனது.

“காணாமல் போனவர்கள்,” என்றது அந்தக் குரல், “உண்மையில் எங்குமே போகவில்லையோ? காலம் ஓடாத ஓர் இடத்திலிருந்து, தாங்கள் விட்டுச் சென்ற வாசலை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்களோ?”

எழுதியவன் எந்த ஊர்க்காரனோ, எனக்குத் தெரியாது. பாலைவனத்துச் சனங்களை நினைத்துத்தான் எழுதியிருப்பான். ஆனால் காணாமல் போனவர்கள் என்றால் எங்கள் ஒழுங்கையில் வேறு அர்த்தமே கிடையாது. செலீன் எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். அடுத்த நாள் கோவிலுக்கு ஆளனுப்பிப் பூசையை நிறுத்தினாள்.

ஸ்டூடியோவிலிருந்து பிறெடி என்ற எடிட்டர் எட்வேட்டைப் பார்க்க வந்தான். என் கடையில்தான் இருந்து கதைத்தார்கள்.

“உங்கட பழைய ரெக்கோடிங் எல்லாத்தையும் கம்பியூட்டருக்குக் குடுத்தம் அங்கிள்” என்றான். “இப்ப அது தானா வாசிக்குது. உங்களுக்குத் தொண்டை வருத்தம் தானே, கஷ்டப்படுத்த வேணாம் எண்டுதான்.”

எட்வேட் கழுத்தில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு இருந்தான்.

தங்கையிடம் அவன் எவ்வளவோ சொன்னான். அந்த வசனத்தை நான் படிக்கேல்ல, அது மெசின், எல்லாம் கட்டுக்கதை என்று தேய்ந்த தொண்டையால் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“ஓம், நீங்க படிக்கேல்ல” என்றாள் செலீன், அமைதியாக. “அண்ணன் படிச்சது.”

முதலில் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தோம். ஆனால் அன்றிலிருந்து பெட்டியில் பேசுவது அண்ணன் என்றாகிவிட்டது, வீட்டில் இருப்பவன் ‘இவர்’ என்றாகிவிட்டான். இவருக்குச் சோறு, இவருக்கு மருந்து. பராமரிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. நிகழ்ச்சி ஓடும்போது மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அண்ணன், ரெனால்டைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் கல்லாவில் இருக்கும் எனக்கு அது கேட்கும். பதிலுக்கு எட்வேட்டின் குரல் வரும், ஏதாவது ஒரு பாழடைந்த கோட்டையைப் பற்றி. அது எப்படியோ அவள் கேட்டதற்குப் பொருந்திவிடும். இரும்புக்கு நடுவில் ஐம்பது வருஷம் இருந்தவன் நான், பேய் பிசாசு ஒன்றையும் நம்பாதவன். அந்த நேரத்தில் மட்டும் கடையில் ரேடியோவைப் போட்டு வைப்பேன்.

மழை கனத்தது. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. எட்வேட் கடைசியில் பிறெடியைக் கூப்பிட்டு, தான் கேட்பான் என்று நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான். அந்த மெசினைக் கொண்டு ஒரேயொரு வசனம் சொல்ல வைக்க வேண்டும். ரெனால்ட் செத்துவிட்டான், நீ வெள்ளவத்தைக்குப் போ. அவ்வளவுதான்.

பிறெடி அதைப் போனில் கொண்டுவந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். எட்வேட்டின் அசல் குரல். ஆனால் ‘செத்துவிட்டான்’ என்ற சொல்லின் வால் மேலே எழும்பியது. செத்துவிட்டானா என்று கேட்பதுபோல. திரும்பச் செய்தான், திரும்பவும் அதே. ஒவ்வொரு தடவையும் அது கேள்வியாகவே முடிந்தது.

“அதுக்குக் குடுத்ததெல்லாம் அந்த ப்ரோக்ராம் மட்டும்தானே அங்கிள்” என்றான் பிறெடி. “அதுக்கு வேற மாதிரி முடிக்கத் தெரியாது.”

எட்வேட் அழுதான். சத்தம் வராத அழுகை அது, பார்க்க முடியவில்லை.

“நீயே சொல்லு மச்சான்” என்றேன் நான். “இருக்கிற குரலால சொல்லு. நானும் வாறன்.”

போனோம். செலீன் வாசலோரம் இருந்தாள். எட்வேட் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். ஒரு இழுப்பும் இல்லாமல் சொன்னான்.

“செலீன், ரெனால்ட் செத்துட்டான். இனி வரமாட்டான். எனக்கு இது பதினஞ்சு வருஷமாத் தெரியும். வா, போவம்.”

அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண் கலங்கியது. சரி, கேட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அவள் மெதுவாகக் கையை விடுவித்து, என்னிடம் திரும்பினாள்.

“நிஸாம் நானா, இவர் நல்ல மனுசன். எனக்காகத்தான் சொல்றார், விளங்குது” என்றாள். “ஆனா அண்ணன் வரட்டும். அண்ணன் தன்ட வாயால சொன்னா நான் நம்புறன்.”