வெயில்ல பார்த்த வீடும் மழையில பார்த்த வீடும்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு. வரட்டுமே! அந்தக் கோபம் மட்டும் இல்லாட்டி, பதுளையில அந்தச் சுண்ணாம்படிச்ச வீட்டை வாங்கி என் மகளை அதுக்குள்ள படுக்க வச்சிருப்போம்.

அப்ப நாங்க கடைவீதியில, எங்க மளிகைக் கடைக்குப் பின்னால ஒத்தை அறையில குடியிருந்தோம். மழைக்காலம் வந்தா சுவர் வேர்க்கும், பாய் நமத்துப்போகும், மகளுக்கு இழுப்பு வந்துரும். "அம்மா, தண்ணி"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கும். வைத்தியர் ஒளிக்காமச் சொல்லிட்டாரு: "இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்துல கிடந்தா பிள்ளை தாங்காதும்மா." அதுக்குத்தான் வீடு தேடி அலைஞ்சோம்.

ஆவணி மாசம் ஒரு வீடு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகுகாலத்தைத் தள்ளி, நல்ல நேரமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போனாரு. மலைச்சரிவை வெட்டிக் கட்டின வீடு. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, தரையெல்லாம் சாணி மெழுகிப் பளிச்சுன்னு இருந்துச்சு. இவரு வாசல்ல நின்னு திசை பார்த்தாரு. உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சாரு. "கிழக்குப் பார்த்த வாசல், லட்சணமான வீடு"ன்னாரு. அவ்வளவுதான், வீடு பார்த்து முடிச்சாச்சு!

நம்ம ஆளுங்களே அப்படித்தான். வெயிலடிக்கிற நல்ல நாளாப் பார்த்துத்தான் போவோம். அடுத்தவங்க வீட்டு மூலைமுடுக்கை எட்டிப் பார்த்தா மரியாதை இல்லைன்னு பார்வையைத் திருப்பிக்குவோம். நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மகள். லயத்து வரிசை வீட்டுல வளர்ந்தவ. மலையோட ஒட்டின சுவர் மழையில என்ன பாடுபடுத்தும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தச் சுவரைப் பார்க்கணும்னு எனக்கு ஒரே பரபரப்பு. ஆனா அந்தச் சுவர் முழுக்கச் சாமி படமா மாட்டி வச்சிருந்தாங்க. ஊரான் வீட்டுச் சாமியை நகர்த்திப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? எனக்கே வரல.

"அக்கா, சாமி கும்பிட்டுக்கிறேங்க"ன்னு அந்த வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டுப் பக்கத்துல போனேன். கிண்ணத்துல திருநீறு இருந்துச்சு. விரலை விட்டா பொடியா வரல, களி மாதிரி ஒட்டுது. சூடம் ஏத்தலாம்னு மாடத்துல இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து உரசினா, குச்சியில மருந்து கரைஞ்சு வழுக்கிட்டுப் போகுது. வெளிய மண்டையைப் பிளக்கிற வெயில்! அப்ப ஈரம் சுவருக்குள்ளதான் இருக்கு.

"என்னங்கக்கா, திருநீறு இப்படி ஈரமா இருக்கு?"

"யாராவது ஈரக்கையோட தொட்டிருப்பாங்க"ன்னு அந்தம்மா வேற பக்கம் பார்த்தாங்க. பாவம், விக்கிறவங்க கஷ்டம் அவங்களுக்கு. அதுக்கு மேல நான் கேட்கல.

திரும்பி வர்ற வழியில எங்களுக்குள்ள சண்டை. "திருநீறு நமத்துப்போச்சுன்னு வீட்டை வேணாங்கிறவளை நான் பார்த்ததே இல்ல! வர்ற வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கு மாத்திக்கிறதா வாக்குக் கொடுத்தாச்சு"ன்னு குதிச்சாரு.

"அப்ப நீங்களே போய்க் குடியிருங்க. ஒரு மழை பெய்யட்டும், மழையில ஒருதரம் பார்ப்போம். அதுவரைக்கும் வெத்தலையைத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

வாய் அப்படிப் பேசுச்சே தவிர, உள்ளுக்குள்ள எனக்கும் பயம்தான். நான் நினைச்சது தப்பாப் போயி, வீட்டை வேற யாராவது வாங்கிட்டா? மழையும் வந்து, பிள்ளை அந்தக் கடை அறையிலயே கிடந்தா? இவரு முணுமுணுத்துக்கிட்டே வெத்தலை பாக்கைத் தள்ளிப் போட்டாரு. நானும் வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் மத்தியானம் பேய்மழை. "குடையை எடுங்க"ன்னேன்.

"ராகுகாலம்டி!"

"ராகுவும் நம்மளோட நனையட்டும், வாங்க."

போய்ப் பார்த்தா, சாமி படமெல்லாம் கழட்டி முன்னறைக் கட்டில்ல துணியைப் போர்த்தி வச்சிருக்கு. பின்சுவர்ல சுண்ணாம்பு உரிஞ்சு தண்ணி கசியுது. கீழ சட்டி வச்சுப் பிடிக்கிறாங்க. இவரு சுவர்ல கையை வச்சாரு, மண்ணு கையோட வந்துச்சு. தெருவுக்கு வந்ததும், "அப்பாடா, தப்பிச்சோம்! நல்லவேளை, நான் உன் பேச்சைக் கேட்டேன்"னாரு. கேட்டாராம்ல!

அதே மழையில இன்னொரு வீடு பார்த்தோம். பண்டாரவளைக்குக் கடையை மாத்திட்டுப் போற ஒரு முஸ்லிம் குடும்பத்து வீடு. இந்தத் தடவை நான் கூச்சமே படல. "உள்ளெல்லாம் புகுந்து பார்ப்பேன், கோவிச்சுக்காதீங்க"ன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "வாங்க வந்தவங்க பார்க்காம வேற யாரு தங்கச்சி பார்ப்பா?"ன்னு அவங்களே பெட்டியெல்லாம் நகர்த்தி விட்டாங்க. ஒவ்வொரு சுவரா உள்ளங்கையை வச்சுப் பார்த்தேன். விளக்கைத் தூக்கிக் கூரை மரம் பார்த்தேன். கொல்லைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு நனைஞ்சுக்கிட்டே நின்னு பார்த்தேன். இவரு கட்டிலுக்கு அடியில தவழ்ந்து போயி, "இங்கயும் காஞ்சுதான்டி இருக்கு!"ன்னு கத்துறாரு. அடுப்படியில உப்பு ஜாடியைத் திறந்தேன். உப்பு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. போன உசுரு எனக்குத் திரும்பி வந்துச்சு.

கார்த்திகையில குடி வந்தோம். விடாத அடைமழை. ஒருநாள் காலையில மகள் மழையில விளையாடப் போகணும்னா. நான் கூடாதுன்னேன். வந்துச்சு பாருங்க கோபம்! "நீ எப்பவும் இப்படித்தான், எதுக்கும் விடமாட்ட, அடுத்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் போகுது, நான் மட்டும் உள்ளயே கிடக்கணும், உன்னோட இனிமே பேசவே மாட்டேன் போ!"ன்னு என்னைத் திட்டித் தீர்த்தா. நடுவுல ஒரு இடத்துல கூட மூச்சு வாங்கல.

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. அவ பயந்துபோய் நிறுத்திட்டா.

"நிறுத்தாத சாமி"ன்னேன். "இன்னும் கொஞ்சம் திட்டு."