ஏழு பாகக் கயிறு

கடந்த கார்த்திகை மழையின்போது, திருகோணமலை சல்லியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவள் தூங்கும் சேலை ஏணையைப் பின் அறையில், காற்று வரட்டும் என்று யன்னலோரமாகக் கட்டியிருந்தோம். முன் அறை ஒழுகும். அவளுக்கோ சளி இழுப்பு.

அந்த யன்னலுக்கு நேரே, பக்கத்து வெறுங்காணியில் ஒரு சவுக்கு மரம் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தார். யாரைக் கேட்டு வெட்டுவது? அது விழுந்தால் வீட்டைத் தொடுமா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கமே இல்லை. இணையத்தில் மரத்தின் உயரத்தைக் கணிக்கும் கல்குலேட்டர் ஒன்று கிடைத்தது. தடி ஒன்றை நட்டு, அதன் நிழலையும் வீதியில் விழுந்த மர நிழலையும் தையல் நாடாவால் அளந்து போட்டேன். முப்பத்தொன்பது அடி என்று வந்தது. மரத்துக்கும் சுவருக்கும் இடையில் முட்கம்பியும் பற்றையும். அதனால் கணவர் சுவரிலிருந்து மரத்தடிக்கு வலைக்கயிற்றை எறிந்து பிடித்து, அந்த நீளத்தைக் கைகளை விரித்து அளந்து, ஏழு பாகம் என்றார். ஒரு பாகம் ஆறடி என்று படித்திருக்கிறேன். நாற்பத்திரண்டு. மூன்றடி மிச்சம் இருந்தது. அதன்பிறகு நன்றாகத் தூங்கினேன்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று கடலுக்கு யாரும் போகவில்லை. பின்னேரம் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கணவர் முன் அறைக் கூரைக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டக் கயிறு அளந்துகொண்டிருந்தார். விரிந்த அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான், அவருடைய பாகம் ஆறடி வருமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். நாடாவை எடுத்து அவர் கைகளில் பிடித்தேன்.

"என்ன, எனக்குச் சட்டை தைக்கப் போறியோ?"

அறுபது அங்குல நாடா முடிய, மூன்றே அங்குலம் மிஞ்சியது. ஆறடி என்றால் பன்னிரண்டு மிஞ்ச வேண்டும். கைபேசியில் மூன்று தடவை பெருக்கினேன். மூன்று தடவையும் முப்பத்தேழு அடிகூட வரவில்லை. மரமோ முப்பத்தொன்பது.

ஓடிப்போய் ஏணையை அவிழ்த்தேன். அவருக்கு எரிச்சல்.

"ரெண்டடிக்காக பிள்ளையை ஒழுகிற இடத்திலயோ வைக்கப் போறாய்? நெஞ்சில சளி கட்டினா என்ன செய்வாய்?"

முதல் கணக்குப் பிழைத்ததுபோல இதுவும் பிழைத்தால், அவளுக்கு நோயைத் தேடிக் கொடுத்தவள் நான்தானே. ஆனாலும் முன் அறை மேசைக்குக் கீழே பாயை விரித்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசைமேல் தண்ணீர் சொட்டுவதையும் அவள் மூச்சு இழுப்பதையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை எழும்பினேன்.

இருட்டுவதற்கு முன் மரம் விழுந்தது. ஓடுகள் நொறுங்குவது கேட்டது. கணவர் போய்ப் பின் அறைக் கதவைத் திறந்தார். மரத்தின் நுனி கூரையை உடைத்துக்கொண்டு சுவருக்கு உள்ளே ஒன்றரை அடி வந்திருந்தது. ஏணை தொங்கிய இடத்தில் உடைந்த ஓடும் ஈரச் சவுக்கிலையும் குவிந்து கிடந்தன. அவர் திரும்பி வந்து மேசைக்குக் கீழே கையை நீட்டினார்.

"பிள்ளையை இஞ்ச தா" என்று மட்டும் சொன்னார்.

மரம் விழுந்த சத்தம்கூட எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இல்லாத அந்த மூன்றடியை நம்பி, மகளை யன்னலோரம் கிடத்திவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.