இறங்காமல் கல்லாறு வரை

எங்கள் ஊர்க் கோட்டையிலிருந்து கல்லாறு இருபத்தேழு மைல். பொன்முடி மலை அங்கேதான் தொடங்குகிறது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் சைக்கிளில் போய் வந்தேன். இயற்கை அழகுக்காகப் போகவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். நான் போனது யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு நாள் இருந்து பார்க்க.

வெளியூர் நேயர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் சைக்கிளில் போகும் குமாஸ்தா, மேலதிகாரி எதிர்ப்பட்டால் கீழே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்த பிறகுதான் ஏறலாம். இது சட்டம் இல்லை. சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

என் ஆபீஸ் சூப்பிரண்டும் கோட்டைக்குள்தான் குடியிருக்கிறார். கல்லூரியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். நான் முதல் தடவையிலேயே தேறிய பி.ஏ.யை அவர் மூன்றாம் தடவை எட்டிப் பிடித்தார். அதுவும் என் லாஜிக் நோட்டை வாங்கிப் போய். இன்றுவரை திருப்பித் தரவில்லை. பதினோரு வருஷமாக வாரத்தில் நாலு நாளாவது ஆபீஸ் போகும் வழியில், பழவங்காடி முனையில், சைக்கிளில் வரும் அவருக்காக இறங்குகிறேன். அவர் தலையை அரை அங்குலம் அசைப்பார். பல நாள் அதுவும் இல்லை. பார்க்காத மனிதருக்காக இறங்கியது யார் கணக்கில் சேரும்?

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். தயிர்சாதப் பொட்டலத்தைக் காரியரில் கட்டிக்கொண்டே என் மனைவி, "நாப்பத்தாறு வயசுல மலை ஏறி என்ன சாதிக்கப் போறேள்?" என்றாள்.

"ஒருத்தனுக்கும் இறங்காம திரும்பி வரப் போறேன்."

"நன்னா இருக்கு. ஆத்துக்கு வந்தாவது இறங்குவேளோ இல்லியோ?"

பேரூர்க்கடை ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேட்டுக்கு இறங்குவது மரியாதை அல்ல, மூச்சு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு சாலை நிழலாகிவிடுகிறது. இரு பக்கமும் பலாவும் கமுகும், அவற்றில் சுற்றிய மிளகுக்கொடியும். நெடுமங்காடு பதினொன்றாவது மைல். ஏழு மணிக்குச் சேர்ந்தேன். சந்தைக்கு எதிரே சாயாக்கடை உண்டு. சாயா அரைச் சக்கரக் காசு, ருசி சுமார்.

"வித்துரா வழியில கேற்றம் நிறைய உண்டோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"கொறச்சே உள்ளூ, சாமி."

இந்த வழியில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். மலை நெட்டுக்குத்தாக எதிரே நின்றாலும் அவர்களுக்கு அது கொஞ்சம்தான், கொறச்சே. நம்ப வேண்டாம்.

"சாமிக்கு முந்தி ஒரு ஏமானும் சைக்கிள்ல போயிட்டுண்டு" என்றார் அவர். "நல்ல தடி. வெள்ளைத் தொப்பி. ரெண்டு பழம் தின்னார், அரை மணிக்கூர் மூச்சு வாங்கினார், போயி."

"மூக்கு ஓரத்தில் மறு உண்டோ?"

"உண்டு. சாமிக்கு அறியுமோ?"

அறியாமல் என்ன? பதினோரு வருஷம் சற்றே கீழிருந்து பார்த்த மறு அது. சூப்பிரண்டேதான்!

திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவருக்காகத் திரும்புவதும் அவருக்காக இறங்குவதும் ஒன்றுதான். ஆகவே மெதுவாகப் போவதென்று தீர்மானித்தேன். அவர் முன்னே போகட்டும். நான் பிடிக்காமல் இருந்தால் சரி. சுள்ளிமானூரில் செங்கோட்டைச் சாலையை விட்டு வலப்பக்கம் பிரிய வேண்டும். அங்கிருந்து தொளிக்கோடு வரை நான் மிதித்த வேகத்தில் ஒரு மாட்டு வண்டி என்னை முந்தியது. வண்டிக்காரர் இரக்கத்துடன் பார்த்தார். தொளிக்கோட்டுக்கு அப்பால் மரம் இழுக்கும் யானை ஒன்று வந்தது. இறங்கி நின்றேன். யானை மனிதக் கணக்கில் வராது. தவிர, அது என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

வித்துரா இருபத்துமூன்றாவது மைல். பத்தரை மணி. இதற்கு மேல் கடை கிடையாது, சாப்பாட்டை இங்கேயே முடிப்பது நல்லது. தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறி இறங்கிப் போகிறது. ஆற்றின் சத்தம் கேட்கும், ஆறு தெரியாது. இன்னும் ஒரு மைல்தான். மனது லேசாகி, ஒரு இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன்.

வளைவு திரும்பியதும் ஓடைப் பாலத்தின் மேல் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. சூப்பிரண்டு சைக்கிளைச் சாய்த்து வைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பின் சக்கரம் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

சாலையில் எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. நேரே போய்விடலாம், கல்லாற்றில் கால் நனைக்கலாம் என்றே நினைத்தேன். அப்போது அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார்.

"ஓய், இறங்காதேயும்! இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாக்கும். நான் சொல்றேன், இறங்க வேண்டாம்!"

இப்போது என்ன செய்வது? இறங்காமல் போனால் அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவனாவேன். இருபத்தாறு மைல் யாருக்காகவும் இறங்காமல் வந்தவன், அவர் இறங்காதே என்று சொன்ன ஒரே காரணத்தால் இறங்கினேன். இந்தச் சங்கடத்துக்கு லாஜிக்கில் ஒரு பெயர் உண்டு. அது அந்த நோட்டில் இருக்கிறது.

இறங்கிய பிறகு சும்மா நிற்க முடியுமா? அவரிடம் பம்பும் இல்லை, பஞ்சருக்கு ஒட்டும் இல்லை. தொப்பி மட்டும் இருந்தது. டியூபை உருவி ஓடைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடினேன். பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபடி அவர் கேட்டார்:

"நீர் எங்கே இந்த வழி?"

"சர்க்கார் ரோடு, சார்."

"யாரும் எனக்காக இறங்காத ஒரு ரோடு வேணும்னு தேடி வந்தேன், ஓய். இங்கேயும் நீர்!"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"தினம் காலம்பற உம்ம மூஞ்சி" என்றார். "சாவு போறச்சே ஒதுங்கி நிக்கறாப்பலே நிப்பீரே, அதைப் பார்த்துட்டு எந்த ஆபீஸ் பைல்ல மனசு நிக்கும்? அதுக்காகவே வாரத்துல ரெண்டு நாள் வஞ்சியூர் வழியாச் சுத்திண்டு போறேன், கேட்டீரா?"

முனையில் அவர் தென்படாத அந்த இரண்டு நாளும் என் அதிர்ஷ்டம் என்று நான் சந்தோஷப்பட்டதெல்லாம் வீண்.

"இறங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா அப்புறம் ஒருத்தனும் இறங்க மாட்டானே ஓய். அதுவும் வேணுமே!"

என் ஒட்டு பிடித்தது. கல்லாறு வரை சேர்ந்தே போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி, பல் கிட்டும் குளிர்ச்சி. திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம். அவர் முன்னால், நான் பின்னால். இருட்டுவதற்குள் கோட்டை. "இறங்கினேளா?" என்று மனைவி கேட்டாள். "பஞ்சருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

மறுநாள் பழவங்காடி முனையில் அவர் எதிர்ப்பட்டார். நான் இறங்கினேன். அவரும் இறங்கிவிட்டார்! தன் டியூபில் கை வைத்தவனைத் தாண்டிப் போக மனம் வரவில்லை போலும்.

"ஏறும், ஓய்."

"சார் முதல்ல ஏறணும்."

"நீர் ஏறினாத்தான் நான் ஏறுவேன்."

மேலதிகாரி தரையில் நிற்க நான் ஏறுவதா? இருவரும் உருட்டிக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்த தட்டெழுத்துக்காரர் சூப்பிரண்டு நடப்பதைப் பார்த்து இறங்கினார். அடுத்து வந்த இரண்டு குமாஸ்தாக்களும் இறங்கினார்கள். பாதி வழி தாண்டுவதற்குள் ஏழு சைக்கிள்கள், ஏழு பேர், ஒருவரும் பேசவில்லை. யாரோ பெரிய மனிதர் காலமாகிவிட்டார் என்று நினைத்து, வழியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்தினார்.

ஆபீசுக்கு இருபது நிமிஷம் தாமதம். ஆறு பேருக்கும் சிவப்பு மையில் 'லேட்' போட்டவர் சூப்பிரண்டு. அவருக்கு வருகைப் புத்தகம் கிடையாது.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தை. மழை ஓய்ந்த மார்கழி, தை நல்லது. மழைக்காலத்தில் அட்டை காலைப் பிடிக்கும். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஒட்டும் பசையும் கோட்டைக்குப் பக்கத்தில் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும், இரண்டு பேருக்குப் போதுமானதாக வாங்கிக்கொள்ளவும். எதிரே யார் நிற்பார் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை மட்டும் ஆபீசுக்கு நடந்து போகிற நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்பவும்.

லாஜிக் நோட்டு இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது என் ஒட்டும் அவர் டியூபில் இருக்கிறது.