குழந்தை விழிக்காத தெரு

காதில் சீழ் வைத்து ஆறிய பிறகு, காத்தானைத் தரை நம்பாமல் போயிற்று. நேராகத்தான் நடக்க நினைப்பார். உடம்பு இடப்பக்கம் சாயும். உள்காதில் கோளாறு, மருந்தில் தீராது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கல்வராயன் மலையில் அவருடைய சிற்றூருக்கு, ஒருவன் தள்ளாட ஒரே ஒரு காரணம்தான் தெரியும்: குடி. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதர், ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே சாமைக் கொல்லைக்குப் போய்விடப் பழகிக்கொண்டார்.

மகள் சுபலட்சுமி ஜெர்மனியில் நர்ஸ். கோடையில் ஒரு வாரம் விடுமுறை, அப்பாவும் அம்மாவும் வந்தால் ஏதாவது ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றாள். ஊரை நீங்களே சொல்லுங்கள் என்று, யாரோ நடந்துகொண்டே எடுத்த மூன்று வீடியோக்களை அனுப்பினாள். அவள் தம்பி ராஜேஷ் அவற்றைப் போனில் போட்டுக் காட்டினான்.

முதலாவது லிஸ்பன். ஏறி இறங்கும் தெருக்கள்.

"இதுவும் மலைதானா?" என்றாள் காத்தானின் மனைவி மாரி. "ஏரோப்ளேன் ஏறிப் போயி மறுபடியும் மலை ஏறணுமா? அதுக்கு இங்கயே இருக்கலாமே."

இரண்டாவது பிராக். பழைய தெரு முழுக்கக் கல் பாவியிருந்தது. காத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த ஊருதான். கல்லு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நடுவே சாமி இருப்பதால் அவருடைய சிற்றூருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வியாதிக்குப் பிறகு அவருக்குப் பாதம்தான் கண். கல்லின் மேடுபள்ளத்தை விரல்கள் சொல்ல, உடம்பு கேட்டு நிமிர்ந்துகொள்ளும். மூன்றாவது வீடியோவைப் பார்க்காமலே பிராக் என்று முடிவானது. அங்கே வெறுங்காலோடு நடக்க முடியாது என்பது யாருக்குமே தோன்றவில்லை.

ராஜேஷுக்கு மறுவாரம்தான் தோன்றியது. கள்ளக்குறிச்சியிலிருந்து பஞ்சு மாதிரி அடி தடித்த ஷூ ஒன்று வாங்கி வந்தான். ஊருக்குள் போட முடியாது. எல்லை தாண்டி, ஓடையோரக் கல்பாதையில் காத்தான் அதை மாட்டிக்கொண்டு நின்றார். பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ காலுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல இருந்தது. கொஞ்ச தூரம் போனவர், கையூன்றக்கூட நேரமில்லாமல் விழுந்தார்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த சின்னராசு சிரித்தான். "இன்னா மாமா, பொழுது சாயறதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்ட போல? சீமை போறதுக்கு ஒத்திகையா?"

முழங்கால் சிராய்ப்பை மாரி கழுவிவிட்டபோது காத்தான் சொன்னார்: "நான் வரல. நீயும் இவனும் போயிட்டு வாங்க. இங்க நான் கேக்கறத அங்க அவ கேக்க வேணாம்."

ராஜேஷ் ஷூவை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தான்.

மாரி சண்டை பிடிக்கவில்லை. கேழ்வரகு புடைத்துக்கொண்டே, பார்க்காமல் விட்ட மூன்றாவது வீடியோவை, வியன்னா ஊரை, மகனைப் போடச் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே பேசினாள்.

"பாருடா, ஒருத்தி கொழந்தைய வண்டியில வெச்சித் தள்ளிக்கினு போறா. ஒத்தக் கையாலடா. கொழந்த எழுந்திருக்கவே இல்ல பாரு. வண்டி குலுங்கினாத்தான எழுந்திருக்கும்?"

காத்தான் திரும்பினார்.

தெரு சமமாக, அகலமாக இருந்தது. மரத்தடியில் அங்கங்கே பெஞ்சு. டிராம் வந்து நின்றது. கோல் ஊன்றிய ஒரு பெரியவர், காத்தானைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்தபடி அதில் ஏறினார். படியே இல்லை. பின்னால் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு வாட்டி போடு," என்றார் காத்தான்.

ராஜேஷ் போட்டான். மறுபடியும் போடச் சொன்னார். அவர் தெருவைப் பார்க்கவில்லை, அந்தப் பெரியவரைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"கல்லு ஊரு வேணாம்மா. கொழந்த தூங்கற ஊரு போதும்," என்றார் காத்தான்.

விஷயம் கேட்டுச் சிரித்த மகள், "கோல் புடிக்கணும்பா. மெல்லிசா அடி இருக்கற ஷூ போடணும். முன்னயே சொன்னேன், நீதான் கோலுன்னா மொகத்தைத் திருப்பிக்கின," என்றாள்.

காத்தான் போன் பக்கம் குனிந்தார். "நான் ஆடிக்கினு வந்தா, உனுக்குத் தெரிஞ்சவங்க யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"சுபாவோட அப்பா வந்திருக்காருன்னு நெனைப்பாங்க."

"இவளுக்கு வாயி ஜாஸ்தி," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் மாரி.

கோல் வாங்கி வர ராஜேஷ் கிளம்பினான். காத்தான் தடுத்தார். "என் ஒசரத்துக்கு இருக்கணும்டா. நானே வரேன்."

பட்டப்பகல். பஸ் நிற்கிற இடத்தில் ஊரில் பாதி நின்றது. பஸ் வந்ததும் எல்லாரும் முண்டியடித்து ஏற, கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். மகனின் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, காத்தான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கொஞ்சம் இருப்பா. எனுக்குக் காதுல கோளாறு, ஆடும். மெதுவாத்தான் ஏறுவேன்."

கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். காத்தான் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறினார்.