குளித்துவிட்டு வந்த ஆளின் வாசனை

மகன் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா இறந்த மறு வாரம். வெளிநாட்டில் வேலை என்றான். என்ன வேலை என்று சொல்லவில்லை. வாசலில் அப்பா கட்டிப்பிடிக்க வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான். அது அவருக்குத் தெரியாமல் போகுமா? மருத்துவமனைப் பிணவறையில் வேலை பார்க்கிறவர். உடலை அடையாளம் காட்ட வருகிறவர்கள் கதவருகே நின்று அடக்கும் மூச்சு அது.

அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'மாப்பிள்ளை'. வேலை முடிந்ததும் தேய்த்துக் குளித்து, சட்டை முழுக்க சென்ட் அடித்துக்கொண்டுதான் கிளம்புவார்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு பார்க்கக் கிளம்பியாச்சா?" என்பார் காவலாளி.

"பார்த்த பொண்ணு வீட்டுல கரண்டியோட நிக்குது. விடுய்யா, பஸ் போயிடும்."

அந்த சென்ட்டைத் தேர்ந்தெடுத்தவள் மனைவிதான். நீல மூடி போட்ட பாட்டில், கடையிலேயே விலை குறைந்தது. "இது பணக்கார வாசனை இல்லக்கா. குளிச்சுட்டு வந்த ஆளோட வாசனை" என்றானாம் கடைக்காரன். அவளுக்கு வேண்டியதும் அதுதான். அடித்தவுடன் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல் சுள்ளென்று வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கி, வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும். வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கும். அவருக்கு அதற்குமேல் தேவையுமில்லை. மலிவுச் சரக்கு, கை கூசாமல் அடிக்கலாம்.

மருந்து நெடியிலேயே நின்று நின்று அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. மனைவிதான் அவருக்கு மூக்கு. வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பாள். "ம், ஆளு வந்தாச்சு. உள்ள வாங்க" என்பாள். சின்னப் பையனாக இருந்த மகன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான்.

வேலையில் இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. சொந்தக்காரர்கள் உள்ளே வருமுன், உடல்மேல் போர்த்திய துணியில் அதே சென்ட்டைக் கொஞ்சம் அடித்துவிடுவார். யாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியாகப் பார்க்கிற முகத்தைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பொத்தக்கூடாது, அவ்வளவுதான்.

ஒருநாள் அதே பிணவறை மேஜைக்கு மனைவி வந்தாள். மாரடைப்பு. அவரே குளிப்பாட்டித் துணி போர்த்தி, சென்ட் அடித்தார். போதுமா என்று மோந்து சொல்ல ஆளில்லை. இன்னும் அடித்தார். பாட்டில் பாதியாகிவிட்டது.

அம்மா முகத்தின்மேல் குனிந்த மகன் சட்டென்று பின்வாங்கினான்.

"என்னப்பா இது? அம்மா மேல ஏன் உங்க வாசனை?"

"எல்லாருக்கும் அடிக்கிறதுதான்டா."

"எல்லாருக்குமா?" மகன் அவரையே வெறித்துப் பார்த்தான். "அப்போ சின்ன வயசுலேர்ந்து நான் கட்டிப்பிடிச்சது பிணத்து வாசனையையா?"

அவர் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அடுத்த செவ்வாய் அவன் கிளம்பிவிட்டான்.

அன்றோடு சென்ட்டை நிறுத்தினார். மகன் என்றைக்குத் திரும்பினாலும் அந்த வாசனை அவனை வாசலில் எதிர்கொள்ளக்கூடாது. பஸ்ஸில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். கேலி பேசிக்கொண்டிருந்த காவலாளியே ஒருநாள் மென்று விழுங்கினார்.

"தப்பா நினைக்காத மாப்பிள்ளை. பழையபடி கொஞ்சம் அடிச்சுக்கோயேன்."

"பையன் வரட்டும்யா."

பையன் வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவுமில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பாதி பாட்டில் தூசி படிந்து கிடந்தது.

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, ஒரு மத்தியானம் ஃபோனில் செய்தி வந்தது.

"அப்பா, இங்க கோழி வெட்டுற கம்பெனியிலதான் வேலை. எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் நாத்தம் போக மாட்டேங்குது. பக்கத்துல யாரும் உட்கார்றதில்ல. அந்த நீல மூடி சென்ட்டு, அது பேரு என்னப்பா?"